ஐநூத்தியொரு வரட்டி

அந்தச் சாக்கு மேல கால வச்சிராதீங்க தம்பி. கொஞ்சம் இப்படித் தள்ளி... ஆங், போதும். கோவிச்சுக்கிடாதீங்க. உள்ள வரட்டி இருக்கு. சாணி வரட்டிதான், முப்பது. பாலிதீன்ல சுத்தி, அதுக்கு மேல ஒரு உரச்சாக்கு, அதுக்கும் மேல இன்னொரு சாக்கு. மழை பாருங்க எப்படி அடிக்கின்னு. ஒரு சொட்டு உள்ள எறங்கப்பிடாதுல்லா.

மூக்க எதுக்குப் பொத்துதீங்க? காஞ்ச வரட்டிக்கு நாத்தம் கெடயாது தம்பி. இது சித்திரை வெயில்ல காஞ்சது. தொட்டிலுக்கு அடியில வைக்கலாம்.

கண்டக்டர் சொன்னதக் கேட்டீங்களா? "வரட்டி தாத்தா, சாக்குக்கு ஒரு டிக்கெட் எடுங்க"ங்கான். வரட்டி தாத்தாவாம்! எனக்கு அப்பா அம்மா வச்ச பேரு ஆவுடையப்பன். மேலப்பொட்டல் ஆவுடையப்பன். ஒரு மனுசனுக்குப் பேருன்னு ஒண்ணு இருந்தா, அதச் சொல்லிக் கூப்பிட எவனுக்கும் வாய் வரமாட்டேங்கு.

நீங்க எங்க, சங்கரன்கோயிலுக்கா? அப்ப நேரம் கெடக்கு. நான் நொச்சிகுளம் வெலக்குல எறங்கணும். எங்க மச்சான் வீடு அங்கன. எம் பொண்டாட்டிக்கு அண்ணன், கோமதிநாயகம்னு பேரு. அவன் சாவுக்குத்தான் இதக் கொண்டு போறேன்.

அய்ய, அவன் இன்னும் சாவல தம்பி! மூஞ்சிய அப்படி வைக்காதீங்க. நல்லா கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். அதான எனக்கு வயித்தெரிச்சல். இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒங்களுக்கு வெளங்கும்.

எங்கய்யா, என்னப் பெத்த அப்பா, செத்தது இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்னால. ஐப்பசி மாசம். ஐப்பசியில சாவலாமா தம்பி? நல்ல மனுசன், ஒருத்தர ஒரு சொல்லு சொன்னது கெடயாது. ஆனா மாசம் பாக்கத் தெரியாமப் போச்சு. ஏழு நாளா அடைமழை. ஊர்ல காஞ்ச வெறகுன்னு ஒண்ணு கெடயாது. வரட்டியத் தொட்டா திரும்பச் சாணியாயிட்டு. இருந்தத அடுக்குனோம். நாலு பேரு தார்ப்பாயப் புடிச்சிக்கிட்டு நிக்க, நான் கொள்ளி வச்சேன். புடிக்கல. மண்ணெண்ணெய ஊத்துனோம். குப்புன்னு எரிஞ்சுது, எண்ணெ தீரவும் அணைஞ்சிட்டு. மூணு மட்டம் அப்படி. கடைசியில எவனோ சொன்னான், "லாரிப் பட்டறையில பழைய டயரு கெடக்கும், கொண்டாந்தாத்தான் ஆவும்"னு. ரெண்டு டயரு கொண்டாந்தாவ. அது புடிச்சுது பாருங்க... கருப்புப் பொகை. ஊரு முச்சூடும் பொகை. எதுக்கால நிக்கவன் மூஞ்சி தெரியல.

அப்பதான் எங்க மச்சான் மூக்குல துண்ட வச்சிக்கிட்டு, எல்லாருக்கும் கேக்க மாதிரி சொன்னான். "மாமா மேலோகத்துக்கு லாரியிலயா போறாவ?"

சுடுகாட்டுல சிரிப்பு வந்தா அடக்க முடியாதுல்லா தம்பி. மொத ஒருத்தன் துண்ட வாயில வச்சு இருமுன மாதிரி சிரிச்சான். பொறவு ரெண்டு பேரு. பொறவு எல்லாவனும். கொள்ளி வச்சவன் நான், நானே... சரி, அத விடுங்க.

மறுநாள்ல இருந்து எங்க வீட்டுக்குப் பேரு டயரு வீடு. எங்கூர்ல இன்னொரு ஆவுடையப்பன் இருக்கான். அவன் மில்லு ஆவுடையப்பன், நான் டயரு ஆவுடையப்பன். கோயில் கொடை நோட்டீசுல அப்படியே அச்சடிச்சிட்டான். எம் மவனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணுக்கு அப்பா கேக்காரு, "டயரு யாவாரம்லாம் எப்படிப் போவுது?"ன்னு. நான் என்னத்தச் சொல்ல? "பரவால்ல, ஓடுது"ன்னேன். கல்யாணமும் முடிஞ்சிட்டு.

மச்சான்கிட்ட அன்னைக்கு விட்டவன்தான், பேச்சே கெடயாது. அதோட ஒரு முடிவும் பண்ணுனேன். இந்த ஆவுடையப்பன் டயர்ல வேவ மாட்டான். ஐப்பசியில செத்தாலும், கார்த்திகையில செத்தாலும், காஞ்ச வெறகுல கணீர்னு எரிஞ்சுட்டுப் போவான். எவனுக்கும் சிரிக்க எடம் வைக்கப்பிடாது.

அடுத்த சித்திரையில ஆரம்பிச்சேன். புளிய வெறகும் மா வெறகும் நாலு வண்டி. தொழுவுல மாட்ட வெளிய கட்டிட்டு உள்ள வெறக அடுக்குனேன். மாடு நனஞ்சா காஞ்சிரும். வெறகு அப்படியா? அடியில கல்லப் பரப்பி, கரையான் வராம வேப்பெலயப் போட்டு. வரட்டி ஐநூத்தியொண்ணு. ஒவ்வொண்ணும் நானே தட்டுனது. நானேன்னா, பிரமு தட்டுனா, எம் பொண்டாட்டி. நான் எண்ணுனேன். எண்ணுததும் ஒரு வேலதான தம்பி? நடுவுல எவனாவது பேச்சுக் குடுத்தா திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும்.

வருசா வருசம் சித்திரையில எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டு, பெரட்டி விட்டு, திரும்ப அடுக்கணும். அதையும் அவதான் செய்வா. எனக்கு இடுப்பு வலி. நான் எந்தப் பக்கம் பெரட்டணும்னு சொல்லுவேன்.

நெய் ரெண்டு கிலோ. அது கெட்டுப் போவும்லா, அதனால வருசத்துக்கு ஒருக்கா புதுசு வாங்கிருவேன். பழசக் கீழயா ஊத்த முடியும்? எஞ் சாவுக்கு வச்ச நெய்யில நானே பருப்புஞ்சோறு சாப்பிட்டிருக்கேன் தம்பி. சும்மா சொல்லப்பிடாது, நல்லா இருக்கும். வேட்டி ஒண்ணு, அகலக்கரை போட்டது. அதுவும் ரெண்டு கல்யாணத்துக்கு உடுத்தியாச்சு. பொறவு ஒரு சாண் சந்தனக்கட்டை. அது நெஞ்சு மேல வைக்கதுக்கு. அத மட்டும் யாரையும் தொட விட்டது கெடயாது.

ஒருநா பிரமு வெறக அடுக்கிக்கிட்டே கேட்டா, "ஏங்க, நான் முந்திட்டா?"ன்னு.

அத்தன வருசத்துல அது எனக்குத் தோணவே இல்ல பாத்துக்கிடுங்க. "நீ எதுக்கு முந்துத? ஒழுங்கா அடுக்கு"ன்னேன். அவ சிரிச்சா. "ஒரு ஆளுக்குத்தான இருக்கு"ன்னா. சிரிச்சிட்டு திரும்ப அடுக்க ஆரம்பிச்சிட்டா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. அன்னைக்குச் சோறும் எறங்கல.

சரி, இப்படிச் சேத்து வச்சிட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாத்தா, ஊரு விடுமா?

பக்கத்து வீட்டு தெய்வான சித்தி கார்த்திகையில போயிட்டா. நல்ல மழை. அவ மவன்மாரு ரெண்டு பேரும் வாசல்ல வந்து நனைஞ்சிக்கிட்டு நிக்கான். பெரியவன், "அண்ணே, அம்மாவப் போயி டய..."ன்னு ஆரம்பிச்சிட்டு முழுங்கிட்டான். சொன்னா எனக்கு வலிக்கும்லா. நான் என்ன செய்ய? தொழுவத் தொறந்து விட்டேன்.

பதினாறு கழிஞ்ச பொறவு, பாவம், பதிலுக்கு வெறகும் வரட்டியும் வண்டியில கொண்டாந்தான். பிரமு வாசல்லயே மறிச்சிட்டா. எங்க பக்கம் ஒரு மொறை உண்டு தம்பி. சாவுக்குன்னு சொல்லி வாசல் தாண்டுன சாமான் திரும்ப அந்த வாசலுக்குள்ள வரப்பிடாது. அதுக்கு ஈடா வேற சாமான் குடுத்தாலும் வாங்கப்பிடாது. வாங்குனா, அது தானா ஒரு சாவத் தேடிக்கிட்டு உள்ள வரும்பாவ. போனது போனதுதான்.

பொறவு என்ன, எல்லாவனுக்கும் தெரிஞ்சு போச்சு. மேலப்பொட்டல்ல மழைக்காலத்துல யாருக்காவது மேல்மூச்சு வாங்குனா, ஒருத்தன் டாக்டரக் கூப்பிடப் போவான், இன்னொருத்தன் எங்க தொழுவ எட்டிப் பாக்க வருவான். பதினோரு பேரு தம்பி. இருவத்திரெண்டு வருசத்துல பதினோரு பேரு என் வெறகுல போயிருக்காவ. ஒவ்வொரு தடவயும் அவ திரும்ப ஐநூத்தியொண்ணு தட்டணும், நான் திரும்ப எண்ணணும். எவ்வளவு செரமம்!

இல்லன்னு சொல்ல வேண்டியதுதானன்னு கேக்கீங்க. சொல்லலாம். எனக்கு ஒண்ணும் எரக்கம்லாம் கெடயாது. ஆனா மழையில ஒருத்தன் வாசல்ல நிக்கான், வீட்டுல பொணம் கெடக்கு, நம்ம தொழுவுல வெறகு கெடக்கு. வாய் வரணும்லா? ஒண்ணு சொல்லுதேன், இப்ப ஊர்ல எவனும் என்ன டயரு ஆவுடையப்பன்னு கூப்பிடுததில்ல. பயம்! அடுத்து அவன் வீட்டுக்கு வெறகு வேணும்லா?

ஆனா ஒருத்தனுக்கு மட்டும் குச்சி ஒண்ணு குடுக்க மாட்டேன்னு அம்மன் முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணியிருந்தேன். யாருக்குன்னு ஒங்களுக்கே தெரியும். அவன் சும்மா இருப்பானா? நேருல பேச்சு கெடயாதுன்னாலும் தங்கச்சி மூலமாச் சொல்லி அனுப்புவான். "வெறகுலாம் காஞ்சு கெடக்காமே, மாப்ள இன்னும் கெளம்பலியா?" தீவாளிக்குத் தீவாளி இதே கேள்வி. இவ அத வந்து என்கிட்டச் சொல்லிட்டு, சொல்லும்போதே சிரிப்பா. நான் அவன இவன்னு ஏசுனா மட்டும், "எங்கண்ணன மரியாதையாப் பேசுங்க"ம்பா.

இந்த ஐப்பசியில வந்துது சேதி. அவனுக்கு நெஞ்சுல சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில ஆறு நாள் வச்சிருந்து, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாவளாம். மழையா, கொட்டுது. நொச்சிகுளத்துல காஞ்ச குச்சி கெடயாது. பிரமு போன வச்சிட்டு எம் பக்கத்துல வந்து நின்னா. "அண்ணனுக்கு நம்ம வெறகக் குடுங்க"ன்னா.

"மாட்டேன். சத்தியம்"ன்னேன்.

அழுவான்னு பாத்தேன். அழல. சேலைய இழுத்துச் சொருவிக்கிட்டுத் தொழுவுக்குள்ள போனா. டப்பு டப்புன்னு சத்தம் கேக்கு. போயிப் பாத்தா, வரட்டிய ரெண்டு கூறாப் போடுதா. வெறகையும் ரெண்டாப் பிரிக்கா.

"என்ன செய்யுத?"

"பங்கு வைக்கேன். தட்டுனது முச்சூடும் நான். போவட்டும், பாதி போதும். என் பங்க எங்கண்ணனுக்குக் கொண்டு போறேன். ஒங்க சத்தியம் ஒங்க பங்குக்குத்தான?"

"ஓம் பங்க அவனுக்குக் குடுத்துட்டா, ஒனக்கு?"

அவ தலைய நிமித்தக்கூட இல்ல தம்பி. வரட்டிய எடுத்து வச்சிக்கிட்டே சொன்னா, "எனக்கென்ன, டயரு கெடைக்கும்லா."

சவத்து மூதி, சொல்லுததப் பாருங்க. எங்கய்யா போன அந்தப் பொகை இருக்குல்லா, அந்தக் கருப்புப் பொகை, அது அப்படியே தொழுவுக்குள்ள வந்து அவ மேல எறங்குன மாதிரி இருந்துது. முப்பத்தெட்டு வருசமா இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுது. அந்தக் கையில சாணி காஞ்சு வெடிச்சுப் போயி இருக்கு. நான் அன்னைக்குத்தான் பாக்கேன்.

"வாயக் கழுவு"ன்னேன். "ஓம் பங்கு அப்படியே இருக்கட்டும். அதுல ஒரு வரட்டி கொறஞ்சா நடக்கதே வேற. எம் பங்க ஏத்து"ன்னேன்.

ஐநூத்தியொண்ணுல பாதி எவ்வளவு? எனக்கு இருநூத்தம்பது. அந்த ஒண்ண அவ பக்கம் வச்சேன். சந்தனக்கட்டைய அறுக்கவா முடியும்? அது எம் பங்கோட போச்சு. குட்டியானை வண்டி ஒண்ணப் புடிச்சு, மேல ரெண்டு தார்ப்பாயப் போட்டு, ரெண்டு நடை அடிச்சோம். சத்தியம் என்னாச்சுங்கீங்களா? குச்சி ஒண்ணு குடுக்க மாட்டேன்னுதான் சத்தியம். ரெண்டு வண்டிக்குச் சத்தியம் இல்லல்லா.

நாங்க போறப்ப காலையில பத்து மணி இருக்கும். வீடு நெறய சனம். கட்டில்ல கெடக்கான், கண்ணு மூடியிருக்கு, மூச்சு மட்டும் மேலயும் கீழயும் போவுது. மூணு நாளா அப்படியே இழுத்துக்கிட்டுக் கெடக்கானாம். எங்க பக்கம் கடைசி நேரத்துல ஒறமொறை ஆளுக்கு ஒரு கரண்டி பால் வாயில ஊத்துவாவ. உசுரு நெறைவாப் பிரியணும்னு. வேற ஊர்ல ஒரு சொட்டு ஊத்திட்டுத் தள்ளிக்கிடுவான். நொச்சிகுளத்துக்காரனுக்குப் பாசம் கூடுதல். பொறுமையா, பொரையேறாம, தலையத் தூக்கிப் புடிச்சு ஊத்துதான். அஞ்சாறு ஊரு சனம். மூணு நாளுல ஒரு மாட்டுப் பாலு உள்ள போயிருக்கும்.

"உசுரு யாரையோ தேடுது"ன்னு ஒரு கெழவி சொல்லிட்டு என்னப் பாத்தா. எல்லாவனும் என்னப் பாக்கான். சரின்னு போனேன். நானும் ஒரு கரண்டி ஊத்துனேன். மொடக்குன்னு முழுங்குனான். கிட்டத்துல பாத்தா, கன்னம்லாம் ஒட்டி, பல்லுசெட்டு கழட்டி வச்சு, ஆளு என்னமோ மாதிரி இருந்தான். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. காதுல போயி மெதுவாச் சொன்னேன், "மச்சான், கவலப்படாதீரும். நம்ம வெறகு கொண்டாந்திருக்கேன். ஒமக்கு டயரு கெடயாது."

ஒரு கண்ணு தொறந்துச்சு தம்பி.

"எத்தன வண்டி?"ங்கான்.

"ரெண்டு"ன்னேன்.

"காஞ்சதா?"

"சித்திரை வெயிலுவே. கண்ண மூடும்."

"சந்தனக்கட்டை?"

"இருக்குவே!"

"அப்ப என்ன அவசரம்"ன்னுட்டான். சொல்லிட்டு மருமவளத் தேடுதான். "தாயி, பால்ல கொஞ்சம் சீனி போட்டுக் குடு. எல்லாவனும் சப்புன்னே ஊத்துதான்."

ஒப்பாரி வைக்க வந்தவளுவ எல்லாம் வாயத் தொறந்தபடி நிக்காளுவ. அன்னைக்குச் சாயங்காலம் கஞ்சி குடிச்சான். மறுநாள் இட்லி. மூணாம் நாள் பல்லுசெட்ட மாட்டிக்கிட்டு முறுக்கு கேக்கான். மூணு நாளு ஊரே சேந்து பால் ஊத்துனா எந்த மனுசன் சாவான், நீங்களே சொல்லுங்க.

சரி, ஆளு பொழச்சிட்டான், நல்லதுதான். எம் பங்க எடுத்துட்டுப் போறேன்னு வண்டியக் கூப்பிட்டேன். பிரமு மறிச்சிட்டா. சாவுக்குன்னு சொல்லி வாசல் தாண்டுனது திரும்ப வரப்பிடாதாம். "ஏட்டி, ஒங்கண்ணன்தான் சாவலியே, அப்ப அது சாவு வீடே கெடயாதுல்லா?"ன்னு கேட்டேன். கேக்கது நாயம்தான? கோயில் பூசாரிகிட்டப் போனேன். அவரு கண்ண மூடி யோசிச்சிட்டு, "சாமானுக்கு அது தெரியாதுல்லா, அது சாவுக்குன்னுதான கெளம்புச்சு"ங்காரு. இனிமே அது அங்கனதான் கெடக்கணுமாம். மச்சான் சிரிக்கான். "கெடக்கட்டும் மாப்ள. நீரு முந்துனா நானே வண்டி வச்சு ஏத்தி அனுப்புதேன், அது மொறைக்கு ஒத்துக்கிடும்லா"ங்கான்.

ரெண்டு நாள் கழிச்சு, நனையாம இருக்கான்னு பாக்கப் போனேன். போனா, கொல்லையில பொகை. அவன் மருமவ என் வரட்டியில வென்னி போடுதா! குளிர்ந்த ஒடம்பாம், தெனம் வென்னியிலதான் குளிக்கணுமாம். ஒரு நாளைக்கு ஆறு வரட்டி! அவன் குளிச்சு முழுகி, நெத்தி நெறயச் சந்தனத்த அப்பிக்கிட்டு வெறகு மேல உக்காந்திருக்கான். என் நெஞ்சு மேல வைக்க வேண்டிய கட்டைய ஒரசி நெத்தியில பூசுதான் தம்பி!

"என்னவே அநியாயம் இது?"ன்னேன்.

"ஏசாதீரும் மாப்ள. ஒண்ணு சொல்லுதேன், எத்தன வரட்டி பாத்திருக்கேன், இது மாதிரிக் கெடயாது. ஒத்தத் தீக்குச்சியில கணீர்னு புடிக்கி"ங்கான்.

அத மட்டும் உண்மையச் சொன்னான். புடிக்கும்லா? யாரு எண்ணுனது!

அன்னைக்கு ஆரம்பிச்சுது எனக்கு இந்த பஸ் அலைச்சல். தெனம் போறேன். காவலுக்கு ஆளு வேணும்லா? நான் பக்கத்துல உக்காந்திருந்தா அவன் மருமவ ஆறு எடுக்க எடத்துல நாலு எடுக்கா. சும்மா எப்படி உக்கார? ரெண்டு ஆட்டம் ஆடுபுலி போடுதோம். மத்தியானம் அங்கயே சாப்பாடு. இல்ல இல்ல, பேச்சுலாம் கெடயாது. இருவத்திரெண்டு வருசமாப் பேசாதவன்கிட்ட இப்பப் போயிப் பேசுவனா? ஏசுதேன், அவ்வளவுதான். காலையில இருந்து சாயங்காலம் வர ஏசுதேன். அவனும் ஏசுதான். பொழுது போறதே தெரிய மாட்டேங்கு.

இந்தச் சாக்கு ஏதுன்னு கேளுங்க. பிரமு பங்குல கை வைக்கலப்பா. அது இருநூத்தம்பத்தொண்ணு, தெனம் காலையில எண்ணிட்டுத்தான் கெளம்புதேன். இது தெய்வான சித்தி மவன் குடுத்தது. "அண்ணே, ஒங்க வாசலுக்குள்ளதான வரப்பிடாது, ஒங்க மச்சான் வீட்டுக்குப் போவலாம்லா"ன்னு இன்னைக்கு முப்பது வரட்டியக் கட்டி பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டாந்துட்டான். போன வாரம் வேற ஒரு வீட்டுல இருந்து வந்துது. பதினோரு வீட்டுலயும் என்னப் பாத்துக் காப்பியடிச்சு வரட்டி சேத்து வச்சிருக்கான் தம்பி! சொந்தமா ஒரு யோசனை எவனுக்கும் கெடயாது.

இந்தத் தூக்குவாளியா? அது ஒண்ணுமில்ல. ஆட்டுக்கால் சூப்பு, மொளகு கூடப் போட்டது. அவனுக்குத்தான். பாசமா? அட நீங்க ஒண்ணு! கணக்கா யோசிங்க தம்பி. இருவது நாளு வென்னி போட்டதுல எம் பங்குல மூணுல ஒண்ணு போச்சு. இப்பப் போயி அவன் செத்தா, இருக்க வரட்டி பத்தாது. பத்தாட்டி என்ன கொண்டாருவான்? டயரு! ஆவுடையப்பன் வெறகக் குடுத்தும் டயருதாம்பான். எங்கய்யா பேரு திரும்ப எந்திரிச்சு உக்காந்திரும். அதனால இந்த மழை முடியுத வரைக்கும் அவன் சாவப்பிடாது. சூப்ப ஊத்தியாவது உசுரப் புடிச்சு வைக்கணும். தை பொறந்து வெயிலு வந்துட்டா, பொறவு அவன் இஷ்டம், அவன் பாடு.

வெலக்கு வந்துட்டு. ஏ கண்டக்டர், நிப்பாட்டுப்பா! தம்பி, அந்தச் சாக்க ஒரு கை தூக்கி விடுங்க. கெட்டியாப் புடிங்க. அந்தா கொடையப் புடிச்சிக்கிட்டு ஒரு கெழவன் நிக்கான் பாருங்க, நெத்தி நெறயச் சந்தனம், அவன்தான். பாதி நனைஞ்சிக்கிட்டு நிக்கான், அறிவு கெட்டவன். நெஞ்சுல சளி கட்டுனா யாரு பாக்க?

என்ன கேட்டீங்க? தையில நெசமாவே போயிட்டா என்ன செய்வேன்னா?

தையிலயா... தையில அறுப்பு நேரம் தம்பி, எவனுக்கு ஒழிவு இருக்கு? மாசியில எங்கூர்க் கோயில் கொடை, அவன் வாரேன்னு சொல்லியிருக்கான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு ரெண்டு குடும்பமும் வேன் பிடிச்சிருக்கோம். சித்திரையில வெறகு பெரட்டணும், பிரமுவுக்கு இனிமே முடியாது, இவன்தான் கூட நிக்கணும். அப்படி இப்படின்னு பாத்தா திரும்ப ஐப்பசி வந்திரும்.

ஐப்பசியில எவனாவது சாவானா தம்பி?